தமிழ்ச் சரங்களை உடையாமல் கையாளுதல்: சி முதல் சுவிஃப்ற் வரை

"யாழ்ப்பாணம்" என்ற சொல்லைச் சரமாக (நிரலுக்குள் எழுத்துகளைத் தொடராக வைத்திருக்கும் தரவாக) கொடுத்து நீளம் கேட்டால், பைதனின் லென் 11 என்று சொல்லும். கோலாங்கின் லென் 33 என்று சொல்லும். சுவிஃப்றின் கவுண்ட் 6 என்று சொல்லும். மூன்று விடையும் சரி. 33 என்பது பைற் கணக்கு. 11 என்பது யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறிமுறை) குறியெண் கணக்கு. 6 என்பது நாங்கள் முதலாம் வகுப்பில் பழகிய எழுத்துக் கணக்கு: யா, ழ், ப், பா, ண, ம்.

தமிழ்த் தரவைத் தொடும் நிரல்களில் வரும் பிழைகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த மூன்றில் எது தேவை என்று தீர்மானிக்காமல், மொழி முதலில் நீட்டுவதை வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றும் அநேகமாக ஒரே எண்ணாக வருவதால் பாடப்புத்தக உதாரணங்களில் இது வெளியே தெரியாது. உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளை தன் பெயரைத் தமிழில் கொடுத்துத் திருப்பிப் போட்ட உடனே தெரியும்.

கீழே குறியெண்களைத் தசம எண்ணாகவே தருகிறோம். பைதனின் சிஎச்ஆர், ஜாவாஸ்கிறிப்ற்றின் ஃப்ரொம்கோட்பொயின்ற் இரண்டும் தசமத்தை நேரடியாக ஏற்கும். சரத்துக்குள்ளோ ரீஜெக்ஸுக்குள்ளோ (சரத்தில் வடிவங்களைத் தேடும் குறிமொழி) எழுதும்போது மட்டும் பதினறும எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

யூனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கிய தொகுதி 2944 முதல் 3071 வரை. இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது. கணினிக்குள் அது தலைகீழ்: அகரம் ஏறிய க தான் அடிப்படை, அதன் எண் 2965. அதன் பின்னால் புள்ளி (3021) வந்தால் க், கொம்பு (ெ) அல்லது விசிறி (ி) போன்ற குறி வந்தால் மற்ற உயிர்மெய்கள். கி என்பது 2965, 3007 என்ற இரண்டு எண்கள்.

யாழ்ப்பாணத்தைப் பிரித்து எழுதினால் இப்படி வரும்:

2991 (ய), 3006 (ா), 2996 (ழ), 3021 (்), 2986 (ப), 3021 (்), 2986 (ப), 3006 (ா), 2979 (ண), 2990 (ம), 3021 (்)

யூரிஎஃப்-8 இல் (குறியெண்களைப் பைற்றுகளாகச் சேமிக்கும் முறை) இந்த ஒவ்வொன்றும் மூன்று பைற். முதல் பைற் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையில் ஏதோ ஒன்று. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்திருங்கள், உடைந்துபோன கோப்பைப் பிறகு திருத்தும்போது இவைதான் கை கொடுக்கும்.

எந்த மொழி எதை எண்ணுகிறது

பைற்றை எண்ணுபவை: சியின் ஸ்றென்லென், பிஎச்பியின் ஸ்றென்லென், கோலாங்கின் லென், றஸ்ற்றின் லென். எல்லாவற்றிலும் 33.

குறியெண்ணை எண்ணுபவை: பைதன் 3இன் லென், ரூபியின் லெங்த், பிஎச்பியின் எம்பி_ஸ்றென்லென், கோலாங்கின் ரூன்கவுண்ட்இன்ஸ்றிங், றஸ்ற்றின் சார்ஸ் கவுண்ட். எல்லாவற்றிலும் 11.

ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிறிப்ற் மூன்றும் எண்ணுவது யூரிஎஃப்-16 அலகுகளை (குறியெண்ணை இரண்டு பைற் அலகுகளாகச் சேமிக்கும் முறை). தமிழின் முதன்மைத் தொகுதி முழுக்க ஒற்றை அலகுக்குள் அடங்குவதால் இங்கும் 11 வரும். ஆகவே இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பெயருக்குப் பின்னால் ஒரு இமோஜி வந்தாலே பைதனுக்கும் ஜாவாஸ்கிறிப்ற்றுக்கும் கணக்கு வேறுபடும்.

எழுத்தை எண்ணுபவை: சுவிஃப்ற் இயல்பாகவே. பிஎச்பியில் இன்ரல் நீட்சியின் கிராஃபீம்_ஸ்றென்லென். ரூபியில் கிராஃபீம்_கிளஸ்ரர்ஸ். ஜாவாஸ்கிறிப்ற்றில் இன்ரல்.செக்மென்ரர். சி ஷார்ப்பில் ஸ்றிங்இன்ஃபோ. ஆனால் டொட்நெற் 5 முதல்தான் அது யூனிகோட்டின் விதியை முழுமையாகப் பின்பற்றுகிறது. ஜாவா 9 முதல் ரீஜெக்ஸில் பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் போட்டால் ஓர் எழுத்துக்குப் பொருந்தும். பைதனில் நூலகத்தோடு வரும் ஆர்ஈ இதைத் தராது; தனியே நிறுவும் ரீஜெக்ஸ் என்ற தொகுப்பு தரும். கோலாங்குக்கு யூனிசெக், றஸ்ற்றுக்கு யூனிகோட்-செக்மென்ரேஷன்.

எதையும் நிறுவ முடியாத இடத்தில் நீங்களே எழுதிவிடலாம். தமிழுக்கு இது பத்து வரி வேலை (3006 முதல் 3021 வரை உயிர்க்குறிகளும் புள்ளியும்; 3031, 2946 ஆகியவையும் முந்திய எழுத்தோடு ஒட்டும் குறிகள்; 8204, 8205 கண்ணுக்குத் தெரியாதவை):

எழுத்துகள் = வெறும் பட்டியல்
சரத்தின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும்:
  அது 3006 முதல் 3021 வரை, அல்லது 3031, 2946, 8204, 8205 ஆக இருந்து, பட்டியல் வெறுமையாக இல்லாவிட்டால்:
    பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டு
  இல்லாவிட்டால்:
    புதிய உறுப்பாகச் சேர்

"பட்டியல் வெறுமையாக இல்லாவிட்டால்" என்ற நிபந்தனையை விடாதீர்கள். யாரோ பாதியில் வெட்டிய சரம் கொம்போடு தொடங்கினால், அந்த நிபந்தனை இல்லாத நிரல் அங்கேயே விழும்.

க்ஷ, ஸ்ரீ இரண்டிலும் கவனம் தேவை. யூனிகோட்டின் விதிப்படி க்ஷ என்பது க், ஷ என்ற இரண்டு எழுத்துகள். ஸ்ரீ என்பது ஸ், ரீ என்ற இரண்டு. திரையில் ஒன்றாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. சொல் விளையாட்டு, குறுக்கெழுத்து போன்றவற்றுக்கு ஒன்றாக எண்ண வேண்டுமென்றால் மேலேயுள்ள பட்டியலை இன்னொரு முறை ஓட்டி இந்த இரண்டு இணைகளையும் சேர்த்துவிடுங்கள்.

வெட்டுதல், திருப்புதல், நீக்குதல்

பைதனில் முதல் மூன்றை வெட்டினால் "யாழ" என்று வரும். புள்ளி போய்விட்டது, பார்வைக்கு ஒழுங்கான சொல்லாகத் தெரிவதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். அடையாள அட்டைக்குப் பெயரைச் சுருக்கும் நிரலில் இப்படி நடந்தால் "வசந்தன்" என்பவர் "வசந்தன" ஆகிவிடுவார். எழுத்துப் பட்டியலாக்கி, அதில் முதல் மூன்றை எடுத்து ஒட்டினால் "யாழ்ப்" என்று சரியாக வரும்.

திருப்பிப் போடும் பயிற்சியும் அப்படித்தான். "அம்மா" வைக் குறியெண் வாரியாகத் திருப்பினால் ா, ம, ், ம, அ. முதலில் நிற்கும் கால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் புள்ளி வட்டத்தோடு தெரியும். எழுத்துப் பட்டியலைத் திருப்பினால் மா, ம், அ.

நீக்குவதில் இன்னும் மோசம். "அம்மா" வில் ம வை வெறுமையால் மாற்றச் சொன்னால், இரண்டு ம வும் போய் அ வின் தலையில் புள்ளியும் பக்கத்தில் காலும் மிஞ்சும்.

சியில் 20 பைற் இடம் ஒதுக்கி ஸ்றென்சிபிவை கொண்டு 19 பைற் எடுத்தால், 18 பைற்றில் ஆறு குறியெண் ("யாழ்ப்") முடிந்து, ஏழாவதின் முதல் பைற் 224 மட்டும் தனியே கிடக்கும். அதை வாசிக்கும் அடுத்த நிரல் ஒன்றில் கேள்விக்குறிக் கட்டம் காட்டும், இல்லாவிட்டால் கோப்பே செல்லாது என்று நிராகரிக்கும். திருத்துவது எளிது. வெட்ட நினைக்கும் இடத்தில் நிற்கும் பைற் 128 முதல் 191 வரை இருந்தால் ஒரு பைற் பின்னுக்குப் போங்கள்; அப்படி இல்லாத பைற் வரும்வரை திரும்பச் செய்து, அதற்கு முன்னால் வெட்டுங்கள். அது குறியெண்ணின் எல்லை. எழுத்தின் எல்லை வேண்டுமென்றால், வெட்டியபின் மிஞ்சும் பகுதி உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்குகிறதா என்று பார்த்து, தொடங்கினால் இன்னும் ஒரு குறியெண் பின்னுக்குப் போங்கள். பிஎச்பியின் சப்ஸ்றர், ஸ்றர்ரெவ், ஸ்றர்_பாட் மூன்றும் இதே பைற் கணக்கில்தான் இயங்குகின்றன. றஸ்ற் இந்த விடயத்தில் கறார்: எல்லை இல்லாத இடத்தில் வெட்டினால் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அதை நாங்கள் நல்ல குணமாகவே எடுக்கிறோம், உடைந்த பெயர் தரவுத்தளத்துக்குள் போவதைவிட நிரல் நிற்பது மேல்.

தேடுதல்

"நல" என்று தேடினால் "நல்லூர்" அகப்படும். குறியெண் வரிசையில் ந, ல இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, புள்ளி அதற்குப் பிறகுதான். ஸ்ரார்ட்ஸ்வித் போன்றவையும் இதற்கு ஆம் என்றே சொல்லும். பொருத்தம் கிடைத்தபின் அடுத்த குறியெண் 3006 முதல் 3021 வரையில் அல்லது 3031 ஆக இருந்தால் அந்தப் பொருத்தத்தைத் தள்ளிவிட வேண்டும். தட்டத் தட்டத் தேடும் பெட்டிக்கு மட்டும் இந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள். ஆள் "நல்" என்று தட்டி முடிப்பதற்குள் "நல" கட்டத்தில் பட்டியல் வெறுமையாகிவிடும்.

சொற்களைப் பிரிக்க பின்சாய்கோடு டபிள்யூ போடுவது பழக்கம். பைதனின் ஆர்ஈ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாக எடுப்பதில்லை. "யாழ்" என்பது ய, ழ என்று இரண்டு துண்டாக வரும். ஜாவாஸ்கிறிப்ற்றில் தமிழ் எழுத்து எதுவுமே அதற்குள் அடங்காது. பதிலுக்கு 2944 முதல் 3071 வரையான வீச்சைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள்.

ஒரே பெயர், வேறு எண்கள்

கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று 2965, 3018. மற்றது 2965, 3014, 3006, அதாவது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே இல்லை. ஆனால் "கொடிகாமம்" ஒரு கோப்பில் 9 குறியெண், இன்னொன்றில் 10. சமன் பார்த்தால் இல்லை என்று வரும். கோ (3015, 3006 சேர்ந்து 3019), கௌ (3014, 3031 சேர்ந்து 3020), ஔ (2962, 3031 சேர்ந்து 2964) இவற்றுக்கும் அதே கதை.

மருந்து இயல்பாக்கம். என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு எல்லாச் சரத்தையும் உள்ளே வரும் வாசலிலேயே மாற்றிவிடுங்கள்: பைதனில் யூனிகோட்டேற்றா தொகுப்பின் நோர்மலைஸ், ஜாவாஸ்கிறிப்ற்றில் சரத்தின் நோர்மலைஸ், ஜாவாவில் நோர்மலைசர், பிஎச்பியில் இன்ரல் நீட்சியின் நோர்மலைசர். சுவிஃப்ற் ஒப்பிடும்போது இரண்டையும் சமனாகவே பார்க்கும், ஆனால் சேமிக்கும்போது மாற்றாது. ஒப்பிடும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏதாவது ஒரு இடம் தவறும். ஆகவே வாசலில் செய்வதே சரி.

இயல்பாக்கம் தீர்க்காதவையும் உண்டு. ஸ்ரீ என்பதை ஸ (3000) கொண்டும் ஶ (2998) கொண்டும் எழுதலாம். யூனிகோட்டுக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். எங்கள் ஊரில் மூன்றாவதாக "சிறீ" யும் இருக்கிறது. சிறீகாந்தன், ஸ்ரீகாந்தன், ஶ்ரீகாந்தன் மூன்றும் ஒரே ஆளின் மூன்று விண்ணப்பங்களில் வரக்கூடும். ஆள் எழுதிய வடிவத்தைத் தொடாதீர்கள், அது அவருடைய பெயர். தேடலுக்கென்று அட்டவணையில் இன்னொரு நெடுவரிசையை வைத்து, அதில் மூன்றையும் ஒரே வடிவமாக்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் வாசலில் பாருங்கள். 160 (உடையாத வெளி), 8204, 8205 ஆகியவை வெப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும். தமிழில் 8205 தேவைப்படுவதில்லை என்று முழுச் சரத்திலிருந்தும் அதைத் துடைக்கும் நிரல்கள் உண்டு. மும்மொழிப் படிவத்தில் அப்படிச் செய்தால் சிங்களம் உடையும், ஏனென்றால் அங்கே கூட்டெழுத்தை உருவாக்குவதே அந்தக் குறிதான். முன்னால் நிற்கும் குறியெண் தமிழ்த் தொகுதியில் இருந்தால் மட்டும் நீக்குங்கள். 3456 முதல் 3583 வரை இருந்தால் அது சிங்களம், கை வைக்காதீர்கள்.

பாமினியிலிருந்து வரும் கோப்புகள்

யாழ்ப்பாணத்தில் பழைய கணினி ஆவணங்களில் பாமினி எழுத்துரு அடிக்கடி வரும். அந்தக் கோப்புகளுக்குள் தமிழ் இல்லை. ஆங்கில விசைகளின் எண்கள்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைகிறது. இதனால் வரும் சிக்கல்கள் சரத்தைக் கையாள்பவருக்கு நேராக வந்து விழும்.

பாமினியில் இ என்ற எழுத்து இருப்பது காற்புள்ளி விசையில். புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ஆகவே பாமினிப் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்றுரைக் கோப்பு) ஆக்கி, மேற்கோள் குறி பாராமல் காற்புள்ளியில் பிரித்தால், "இணுவில்" தலையை இழந்து அடுத்த நெடுவரிசைக்குப் போய்விடும். அரைப்புள்ளியில் பிரித்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் உடையும். ராப் விசையின் குறி கொண்டு பிரியுங்கள். சிற்றெழுத்தாக்கும் கட்டளையையும் தொடக்கூடாது: ஆங்கிலச் சிற்றெழுத்து எஃப் பாமினியில் க, பேரெழுத்து எஃப் கு. எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கினால் கு எல்லாம் க ஆகிவிடும்.

இன்னொன்று: எந்தக் கலம் பாமினி, எந்தக் கலம் உண்மையான ஆங்கிலம் என்பதைச் சொல்வது எழுத்துருப் பெயர் ஒன்றுதான். சிஎஸ்வி ஆக்கிய கணமே அது போய்விடும். எக்செல்லில் இருக்கும்போதே பாமினி நெடுவரிசைகளைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும்போது நீளமான தொடரை முதலில் மாற்ற வேண்டும். பாமினியில் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில், மெய்யெழுத்துக்கு முன்னால் இருக்கின்றன. கொ என்பது கொம்பு, க, கால். முதலில் இந்த மூன்று துண்டுகளையும் ஒன்றாகப் பிடித்து கொ ஆக்கி, பிறகு இரண்டு துண்டு உள்ளவை, கடைசியில் ஒற்றை எழுத்துகள். ஒழுங்கு மாறினால் கொம்பு முந்திய எழுத்தில் போய் ஒட்டும்.

இதிலிருந்து பிறந்த ஒரு பிழை இலங்கைச் செய்தித் தளங்களில் இன்றும் கண்ணில் படுகிறது: "வெளிநாடு" என்பது "வௌிநாடு" என்று வருவது. காரணம் இது. பாமினியில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. வௌ என்பதும் வெள என்பதும் அங்கே எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மாற்றும் நிரல், நீளமான தொடர் முதலில் என்ற விதிப்படி அதை வௌ ஆக்கிவிடுகிறது. பின்னால் வரும் விசிறி அநாதையாக ஒட்டிக்கொள்கிறது.

ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் ஒருபோதும் வராது. அதனால் திருத்தம் நிச்சயமானது: 3020 ஐத் தொடர்ந்து 3006 முதல் 3021 வரை ஏதாவது வந்தால், 3020 ஐ 3014, 2995 என்று மாற்றுங்கள். "வௌி" "வெளி" ஆகும். "வௌ்ளம்" "வெள்ளம்" ஆகும்.

மறுபுறப் பிழை இவ்வளவு எளிதல்ல. "மௌனம்" என்பதை "மெளனம்" என்றும், "ஔவை" என்பதை "ஒளவை" என்றும் ளகரம் போட்டுத் தட்டுபவர்கள் நிறைய. கொம்பும் ளவும் வரும் இடமெல்லாம் ௌ என்று மொத்தமாக மாற்றினால் வெளிச்சம், தெளிவு, கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். ளவுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் எடுத்து, அவற்றையும் ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றுங்கள்.

கோப்பு உடைந்து வந்தால்

திரையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்தே காரணம் தெரியும். வெறும் கட்டங்கள் என்றால் தரவு நலம், எழுத்துரு இல்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால் எங்கேயோ எழுதும்போதே தமிழ் தூக்கி எறியப்பட்டுவிட்டது. அந்தப் பிரதியிலிருந்து மீட்க முடியாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இது அட்டவணையின் பிழையாகவோ இணைப்பின் பிழையாகவோ இருக்கலாம். அட்டவணை, இணைப்பு இரண்டையும் யூரிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்.

மேலே கோடு போட்ட ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் அது 224, 174. யூரிஎஃப்-8 தமிழை விண்டோஸ்-1252 என்று வாசித்திருக்கிறார்கள். இது மீட்கக்கூடியது: விண்டோஸ்-1252 ஆகத் திருப்பிக் குறியேற்றி, யூரிஎஃப்-8 ஆக மறுபடி வாசிக்க வேண்டும். ஆனால் தமிழில் இந்த வழி அநேகமாக முதல் முயற்சியிலேயே நிற்கும். விண்டோஸ்-1252 இல் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து பைற்றுகளுக்கு எழுத்தே இல்லை. புள்ளியின் மூன்றாம் பைற் 141. உகரக் குறியின் மூன்றாம் பைற் 129. ஏ வுக்கு 143, ஐ க்கு 144. இந்த நான்கும் இல்லாத தமிழ் வசனம் அரிது. விண்டோஸில் பைதன் கொண்டு தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது 141 ஆம் பைற்றை வாசிக்க முடியவில்லை என்று பிழை வருவதும் இதனால்தான்: ஓப்பனுக்கு என்கோடிங் சொல்லாமல் விட்டால் விண்டோஸின் பழைய குறிமுறையை எடுத்துக்கொண்டு, முதல் புள்ளியிலேயே தடுக்கி விழுகிறது. ஓப்பன் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூரிஎஃப்-8 என்று கொடுங்கள். ஜாவாவில் 18 ஆம் பதிப்பு முதல் யூரிஎஃப்-8 இயல்பாகவே வரும். அதற்கு முந்தியவற்றில் நீங்களே சொல்ல வேண்டும்.

மீட்பதற்கு, அந்த ஐந்து பைற்றுகளை மட்டும் லற்றின்-1 போல அப்படியே கடத்தி மற்றவற்றை விண்டோஸ்-1252 ஆக நடத்த வேண்டும். பைதனில் எஃப்ரிஎஃப்வை தொகுப்பில் இதற்கென்றே ஒரு குறிமுறை இருக்கிறது. இடையில் யாராவது அந்தக் கட்டுப்பாட்டுக் குறிகளைத் துடைத்திருந்தால் புள்ளிகள் போய்விட்டன, மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும்.

எக்செல்லுக்காக சிஎஸ்வி எழுதினால் தலையில், கோப்பின் குறிமுறையைக் காட்டும் 65279 என்ற குறியைப் போடுங்கள் (பைதனில் யூரிஎஃப்-8-சிக்). அது இல்லாவிட்டால் இரட்டைக் கிளிக்கில் திறக்கும்போது மேலே சொன்ன குழப்பம் வரும். அதே கோப்பை நிரலில் வாசிக்கும்போது சாதாரண யூரிஎஃப்-8 என்று வாசித்தால், அந்தக் குறி முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு "பெயர் என்ற நெடுவரிசை இல்லை" என்று பிழை வரும்.

அகராதி வரிசை

குறியெண் வரிசை தமிழ் வரிசை அல்ல. ன என்பது ந வுக்கு அடுத்ததாகவும், ற என்பது ர வுக்கு அடுத்ததாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. ஃ அகரத்துக்கு முன்னால் நிற்கிறது. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரியது. ஆகவே க் கடைசியில் வரும். பைதனின் சோர்ட்டட், ஜாவாஸ்கிறிப்ற்றின் சோர்ட் இரண்டும் இயல்பில் இந்த வரிசையையே தரும்.

ஐந்து பெயர்கள் போதும் சோதிக்க. சரியான வரிசை: சுதுமலை, சுழிபுரம், சுன்னாகம், வட்டுக்கோட்டை, வடமராட்சி. குறியெண்படி வருவது: சுதுமலை, சுன்னாகம், சுழிபுரம், வடமராட்சி, வட்டுக்கோட்டை. ஐசியூ (யூனிகோட்டுக்கான பொது நூலகம்) கிடைக்கும் இடத்தில் (ஜாவாஸ்கிறிப்ற்றின் இன்ரல்.கொலேற்றர், பிஎச்பியின் கொலேற்றர், பைதனுக்குப் பைஐசியூ) மொழியைத் தமிழ் என்று கொடுத்து முதலில் இந்த ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள்.

கிடைக்காத இடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். உயிர் 1 முதல் 12. ஃ 13. மெய்க்கு க முதல் ன வரை மரபு வரிசையில் 1 முதல் 18, பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ 19 முதல் 23. வடிவத்துக்குப் புள்ளி 0, அகரம் 1, ஔகாரம் 12. எழுத்தின் எண் = மெய் × 13 + வடிவம் + 1. து 97, ழி 199, ன் 235 என்று வருவதால் சுதுமலை, சுழிபுரம், சுன்னாகம் ஒழுங்காக நிற்கும். ட் 66, ட 67, வட்டுக்கோட்டை முந்தும். சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, க்ஷ வை ஒன்றாகச் சேர்த்து, எண் பட்டியலாக்கி, அந்தப் பட்டியலைச் சாவியாகக் கொடுத்து வரிசைப்படுத்துங்கள்.

வேற்றுமை உருபு ஒட்டுதல்

ஊர்ப் பெயரோடு "இல்" ஐக் கூட்டினால் "நல்லூர்இல்" என்றுதான் வரும். மெய்யில் முடிந்தால் புள்ளியை எடுத்துவிட்டு இ (2951) க்குப் பதில் ி (3007) போட வேண்டும்: நல்லூரில், கோப்பாயில். ம் இல் முடிந்தால் அதை எடுத்து "த்தில்": சுன்னாகத்தில். இகரம், ஐகாரத்தில் முடிந்தால் யகரம்: அராலியில், பருத்தித்துறையில். உகரத்தில்தான் விதி கைவிடும்: நெடுந்தீவு நெடுந்தீவில் ஆகும், ஊரெழு ஊரெழுவில் ஆகும். ஊர்களின் பட்டியல் சிறியதென்றால் உருபேற்ற வடிவத்தைக் கையால் எழுதி அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக வைப்பதே நல்லது. ஆட்பெயர்கள் என்றால் "ஊர்: நல்லூர்" என்பதுபோல உருபு தேவைப்படாத வசனமாக மாற்றி எழுதுங்கள்.

குறுஞ்செய்திக் கணக்கு

தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு 70 அலகு. அதைத் தாண்டினால் பல துண்டாகி ஒவ்வொன்றுக்கும் 67. எண்ணப்படுவது எழுத்து அல்ல, யூரிஎஃப்-16 அலகு. "நாளை வகுப்பு இல்லை" யில் எழுத்து 9, இடைவெளி 2. ஆனால் செலவாவது 18. ரியூசன் நிலையத்துக்குச் செய்திப் பெட்டி செய்பவர்கள் மீதியைக் காட்டும் எண்ணை இந்தக் கணக்கில் காட்ட வேண்டும். என்எஃப்சி செய்யாமல் அனுப்பினால் ஒவ்வொரு கொ, கோ வுக்கும் ஓர் அலகு கூடப் போகும்.

சோதனைச் சரங்கள்

நிரலில் எழுதி வைக்க, எழுத்து, குறியெண், பைற் என்ற ஒழுங்கில்: அம்மா 3, 5, 15. கொடிகாமம் 5, 9, 27. பிரிந்த வடிவில் 5, 10, 30. ஔவை 2, 3, 9. பிரிந்த வடிவில் 2, 4, 12. ஸ்ரீ 2, 4, 12. பக்ஷி 3, 5, 15. க்ஷ வை ஒன்றாகச் சேர்த்தால் எழுத்து 2. இவற்றோடு உயிர்க்குறியில் தொடங்கும் உடைந்த சரம் ஒன்றும், வெறும் சரம் ஒன்றும். பழைய கணக்குகளின் பின்னக் குறிகளைக் கையாள்வீர்கள் என்றால் 73664 ஐயும் சேருங்கள். 2019 இல் யூனிகோட் 12 உடன் வந்த அந்தத் தொகுதியில் ஒவ்வொரு குறியும் பைதனில் 1, ஜாவாவிலும் ஜாவாஸ்கிறிப்ற்றிலும் 2, யூரிஎஃப்-8 இல் 4 பைற். மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைற் யூரிஎஃப்8 அட்டவணைக்குள் அது போகாது.